விலாக்கட்டைகளை வரிய எந்தக் கயிறு?

மார்ச் 2

படகின் எலும்புக்கூடு உருவத்துக்கு வந்துவிட்டது. மேலே இரண்டு விளிம்புச் சட்டங்கள், அவற்றைத் தள்ளிப் பிடிக்கும் குறுக்குக் கட்டைகள், நீராவியில் வளைத்த விலாக்கள், அடியில் படகின் முதுகெலும்பான ஏரா, பக்கத்துக்கு ஒரு நீளச் சட்டம். இப்போதைக்கு எல்லாம் கவ்விகளின் பிடியில் நிற்கிறது. இனி விலாவும் ஏராவும் சந்திக்கும் இடம், விலாவும் நீளச் சட்டமும் சந்திக்கும் இடம் என்று ஒவ்வொன்றையும் கயிற்றால் வரிந்து கட்ட வேண்டும்.

ஆணி வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இது மரச் சட்டத்தின்மேல் துணி போர்த்தும் படகு. கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் கரை ஒதுங்கிய மரத்தில் சட்டம் கட்டி, சீல் தோல் போர்த்திய கயாக்கின் வழிவந்தது. அலையில் இப்படிப்பட்ட படகு முறுகும், முறுகத்தான் வேண்டும். மெல்லிய விலாவில் ஆணி இறங்கினால் அந்த ஓட்டையிலிருந்துதான் பிளவு தொடங்கும். கட்டு அப்படியல்ல, கொஞ்சம் இடம் கொடுத்துவிட்டுத் திரும்பவும் பழைய நிலைக்கு வந்துவிடும். 1976-இல் அயர்லாந்திலிருந்து கிளம்பி, 1977-இல் நியூஃபவுண்ட்லாந்து போய்ச் சேர்ந்த பிரெண்டன் என்ற தோல் படகின் ஆஷ் மரச் சட்டத்தைப் பிடித்து வைத்திருந்தது ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர் நீளத் தோல் வார். வட அட்லாண்டிக்கையே தாங்கிய முறை அது.

மார்ச் 5

பருத்தி, சணல், ஆளிநார் மூன்றும் கையில் பிடிக்க அருமையாக இருக்கின்றன. ஆனால் துணிப் படகின் அடிப்பகுதி முழுதாகக் காய்வதே அரிது. ஏராவை ஒட்டிய கட்டுகள் எப்போதும் ஈரத்தில் கிடக்கும், நார்க்கயிறு அங்கேதான் மட்கும். போர்த்திய துணியைக் கிழிக்காமல் அந்தக் கட்டுக்குக் கை எட்டாது. ஆகவே செயற்கை இழைதான்.

கயிறு வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது எத்தனை கிலோ தாங்கும் என்பதை. இந்த வேலைக்கு அது கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்பது என் கருத்து. 50 கிலோ தாங்கும் மெல்லிய சரடை ஆறு சுற்றுச் சுற்றினால், இரண்டு கட்டைகளையும் பிடித்திருப்பவை 12 இழைகள். கணக்குக்கு 600 கிலோ. முடிச்சுக்கும் சமமில்லாத இழுவைக்கும் பாதியைக் கழித்தாலும் 300 மிஞ்சும். ஒரு விலா அதற்கு முன்பே ஒடிந்துவிடும். கட்டு அறுந்து போவதைவிடத் தளர்ந்து போவதுதான் உண்மையான ஆபத்து.

மார்ச் 6

நைலானா, பாலியெஸ்டரா?

நைலான் தண்ணீர் குடிக்கும். குடித்தால் நீளும், பலமும் பத்து முதல் பதினைந்து சதவீதம் குறையும். காய்ந்த கையோடு இறுக்கிக் கட்டிய நைலான் கட்டு, படகு நனையும் நேரம் பார்த்துத் தளரும். ஈரமாகக் கட்டினால் காயும்போது சுருங்கி இறுகும் என்பது சரிதான். ஆனால் மறுபடி தண்ணீரில் இறங்கினால் மறுபடி நீளுமே! நங்கூரக் கயிற்றுக்கு அந்த இழுபடும் குணம் வரம், அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். விலாக் கட்டுக்கு அது ஆகாது.

பாலியெஸ்டர் தண்ணீரைக் கிட்டத்தட்ட உறிஞ்சுவதே இல்லை. அதே சுமைக்கு நைலானைவிட மிகக் குறைவாகவே நீளும். வெயிலையும் நன்றாகத் தாங்கும். கட்டு துணிக்குள்ளே இருக்கும்போது வெயில் எதற்கு என்று தோன்றலாம். பூச்சு அடித்த பிறகும் வெளிச்சம் ஊடுருவும் துணியானால் வெயில் உள்ளேயும் விழும்.

மார்ச் 9

கையிலிருக்கும் மெழுகுச் சரடுகளில் சிலவற்றுக்குப் பெயர்ச்சீட்டே இல்லை. பார்வைக்கும் தொடுகைக்கும் நைலானும் பாலியெஸ்டரும் ஒன்றுபோலத்தான். இதற்கு ஒரு கண்ணாடித் தம்ளரும் உப்பும் போதும்.

வெந்நீரில் உப்பைப் போட்டுக் கலக்கி, இனிமேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை சேர்த்தேன். ஆறியபின் அந்தத் தண்ணீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.2. நைலானின் அடர்த்தி 1.14, பாலியெஸ்டருடையது 1.38. சரடின் நுனியைச் சோப்பு வெந்நீரில் கசக்கி மெழுகைப் போக்கி, இழை இழையாகப் பிரித்து, தண்ணீருக்குள் வைத்தே விரலால் நசுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு விட வேண்டும். காற்றுக்குமிழி ஒட்டியிருந்தால் முடிவு பொய்யாகிவிடும். பழுப்பு நிறச் சரடு மெல்ல மேலே வந்தது: நைலான். வெள்ளைப் பின்னல் சரடு நேராக அடியில் போய் உட்கார்ந்தது. சாதாரணத் தண்ணீரிலேயே மிதந்தால் அது பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன். வெயிலில் பொடிந்து போவது அது, பேச்சே வேண்டாம்.

மார்ச் 11

மிஞ்சிய மரத்துண்டுகளில் இரண்டு சரடிலும் ஒரே மாதிரி கட்டி, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்தேன். காலையில் சுற்றுகளை நகத்தால் சுண்டிப் பார்த்தேன். பாலியெஸ்டர் கட்டு நேற்றைய அதே ‘டிங்’. நைலானின் ஓசை மந்தமாகிவிட்டது, சுற்றுக்கு அடியில் நக நுனி நுழைகிறது. இதற்கு மேல் எனக்கு வாதம் தேவையில்லை.

டைனீமாவையும் கட்டிப் பார்த்தேன். எஃகுக்கு இணையான இழை, நனைந்தாலும் மாறாது. ஆனால் வழுக்கல். ஒரு சுற்றை இறுக்கிவிட்டு அடுத்ததற்குக் கையை எடுப்பதற்குள் முந்தையது நழுவுகிறது, முடிச்சும் தானாக அவிழப் பார்க்கிறது. தொடர்ந்து இழுவையில் இருந்தால் மெல்ல நீண்டுகொண்டே போகும் குணமும் அதற்கு உண்டு.

மெழுகிட்ட பாலியெஸ்டர், ஒன்றரை மி.மீ., பின்னல். அப்புறம், பின்னல் என்பது முக்கியம். முறுக்குச் சரடை ஓட்டையில் நுழைத்து நுழைத்து இழுக்கும்போது முறுக்கு கழன்று நூல் பிரியும். பின்னல் சரடு மரத்தில் தட்டையாகப் படிகிறது.

மார்ச் 15

கட்ட ஆரம்பித்தாயிற்று. சரடு தொடும் விளிம்புகளை எல்லாம் முதலில் உப்புத்தாளால் உருட்டினேன். கூரான மர விளிம்பு எந்த இழையையும் நாளடைவில் அறுத்துவிடும்.

ஒவ்வொரு சுற்றையும் குட்டைக் குச்சியில் சுற்றிப் பிடித்து இழுக்கிறேன், வெறுங்கையால் இழுத்தால் விரல் கிழியும். மெழுகு இருப்பதால் இழுத்த சுற்று இழுத்த இடத்தில் நிற்கிறது. சுற்றுகள் முடிந்ததும் இரண்டு கட்டைகளுக்கும் நடுவே குறுக்காக இரண்டு மூன்று சுற்று விட்டுக் கட்டின் இடுப்பை நெரிக்க வேண்டும். உண்மையான இறுக்கம் அங்கேதான் வருகிறது. அதற்குப் பிறகு சுருக்கு முடிச்சுகள், நுனியை லேசாகச் சுட்டு அழுத்தினால் பிரியாது.

ஏரா முழுக்க முடிந்தது. நாளை இடப்பக்க நீளச் சட்டம். ஆளி எண்ணெய் எல்லாக் கட்டும் முடிந்த பிறகுதான், முன்னாலேயே பூசினால் மரம் வழுக்கும்.