111-ஆம் தெருவில் இறங்கி

சிகாகோவின் மில்லினியம் ஸ்டேஷனில் மெட்ரா ரயில் ஏறி, தெற்கே 111-ஆம் தெருவில் இறங்கினேன். கொஞ்ச தூரத்திலேயே மணிக்கூண்டு தெரிந்தது. ஜார்ஜ் புல்மன் தன் ரயில் பெட்டித் தொழிற்சாலைக்காக 1880-இல் கட்டத் தொடங்கிய ஊர் இது. இப்போது தேசிய வரலாற்றுப் பூங்கா.

செங்கல் வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்து கேலுமெட் ஏரிக் களிமண்ணில் சுட்ட செங்கல். ஒரு சுவரில் கை வைத்துப் பார்த்தேன். மூலைகள் மழுங்கியிருந்தாலும் கல் இன்னும் உறுதியாக இருந்தது. அழகான ஊர்தான். ஆனால் நான் யாரைத் தேடி வந்தேனோ, அவர்களுக்கு இங்கே வீடு கொடுக்கப்படவில்லை. புல்மன் கம்பெனியின் படுக்கை வசதி ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினப் போர்ட்டர்கள் அவர்கள்.

போர்ட்டர் என்றால் நம் ஊரில் சுமை தூக்குபவர். இவர்கள் வேலை வேறு. ராத்திரியானால் எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்துக் கீழ்ப் படுக்கை போட வேண்டும். மேல் படுக்கையைக் கூரையிலிருந்து இறக்கி விரிப்பு மாட்ட வேண்டும். பயணிகள் தூங்கியதும் அவர்களின் ஷூக்களுக்குப் பாலிஷ் போட வேண்டும், அதுவும் சொந்தக் காசில் வாங்கிய பாலிஷ். மாதம் 400 மணி நேரம் வேலை. 1926-இல் அடிப்படைச் சம்பளம் 67.50 டாலர்; மிச்சத்துக்கு டிப்ஸை நம்பிப் பிழைக்க வேண்டும். பயணிகளில் பலர் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றே கூப்பிட்டார்கள், முதலாளியின் பெயரைச் சொல்லி. பெற்றவர்கள் வைத்த பெயரை யாரும் கேட்கவில்லை. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

வடக்கே நடந்தால் 104-ஆம் தெருப் பக்கம் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் பெயரில் போர்ட்டர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது. ராண்டால்ஃப் போர்ட்டராக வேலை பார்த்தவரே இல்லை. ஃபுளோரிடாவில் 1889-இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்து, நியூயார்க்கின் ஹார்லெமில் பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தவர். அதனால்தான் தங்கள் தொழிற்சங்கத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி போர்ட்டர்கள் அவரைத் தேடிப் போனார்கள். சங்கம் என்று வாயெடுத்தாலே வேலை போய்விடும். ராண்டால்ஃபை கம்பெனி எந்த வேலையிலிருந்து நீக்கும்?

1925 ஆகஸ்ட் 25 அன்று ஹார்லெமில் சங்கம் தொடங்கியது. சிகாகோவில் மில்டன் வெப்ஸ்டர் அதைத் தோளில் சுமந்தார். கம்பெனி ஒற்றர்களை விட்டது, பலரை வேலையை விட்டு நீக்கியது. அப்புறம் மனைவிமார்கள் இறங்கினார்கள். கணவன் பெயர் வெளியே தெரியாமல் வீட்டிலேயே கூட்டம் நடத்தினார்கள், சந்தா வசூலித்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, அதே ஆகஸ்ட் 25 அன்று, 1937-இல் புல்மன் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது. மாத வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது.

பிறகு நடந்தவை பலருக்கும் தெரிந்திருக்கும். 1941-இல், வாஷிங்டனை நோக்கி ஊர்வலம் வருவோம் என்று ராண்டால்ஃப் சொன்னதும், பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப்பாகுபாடு கூடாது என்று அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை போட்டார். அலபாமாவின் மான்ட்கோமரியில், பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுத்தர மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸை ஜாமீனில் எடுத்த ஈ. டி. நிக்ஸனும் இந்தச் சங்கத்துப் போர்ட்டர்தான்.

திரும்பும்போது பிளாட்பாரத்தில் உட்கார்ந்து லூசில் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராண்டால்ஃபின் மனைவி. ஹார்லெமில் அழகு நிலையம் நடத்தியவர். அந்த வருமானத்தில்தான் வீடும் ஓடியது, ராண்டால்ஃபின் பத்திரிகையும் ஓடியது. 1963 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். அந்த ஆகஸ்டில், வேலைக்கும் சம உரிமைக்குமான வாஷிங்டன் ஊர்வலத்துக்காக லிங்கன் நினைவிடத்தின் முன்னால் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடியபோது, 74 வயது ராண்டால்ஃப் மேடையேறி அந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்தார்.