உப்புக் காற்றில் ஒரு திறந்த ஜிப்ஸி

5 மே 2024, ஞாயிறு

கூரைத் துணியைக் கழற்றி மாட்டக்கூடிய பழைய மாருதி ஜிப்ஸி ஒன்றைத் தேடி, இந்த வாரத்தில் இரண்டு வண்டிகளைப் பார்த்துவிட்டேன். தொண்டியில் இருப்பது 2004ஆம் ஆண்டு வண்டி; சாவியைத் திருப்பியவுடன் இன்ஜின் பிடித்துக்கொண்டது, பெயின்ட்டும் மின்னியது. மதுரையில் இருப்பது 1998ஆம் ஆண்டின் ஜிப்ஸி கிங். அதன் 1298 சிசி கார்புரேட்டர் இன்ஜின் ஐந்தாவது முயற்சியில்தான் உயிர்பெற்றது, கூரைத் துணி இரண்டு இடங்களில் கிழிந்து டேப் ஒட்டப்பட்டிருந்தது.

இரண்டின் அடியிலும் சாக்கை விரித்துப் படுத்து, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேசிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, நெடுகத் தட்டிப் பார்த்தேன். தொண்டி வண்டியில், பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கைத் தாங்கும் இடத்துக்கு வந்தபோது கணீரென்ற ஓசை செத்துப்போய், மண் நிறைந்த டப்பாவைத் தட்டியதுபோல் கேட்டது. முனையை வைத்து அழுத்தியதும் இரும்புக்குள் அரை அங்குலம் இறங்கிவிட்டது. மதுரை வண்டியில் ஓட்டுநர் கால் வைக்கும் தகட்டில் கை நுழையுமளவு ஓட்டை இருந்தாலும், சேசிஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே ஓசையாக இருந்தது. ஜிப்ஸியில் சேசிஸ் தனி, அதன்மேல் ரப்பர் பத்தைகளில் உட்காரும் பாடி தனி என்பதால், தரைத் தகட்டை வெட்டி ஒட்டிவிடலாம். ஸ்பிரிங் தாங்கும் இரும்பே உளுத்துப்போனால் ஒட்டுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது. லேசில் ஓடாத மதுரை வண்டியை வாங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது ஏற்பட்ட அமைதியைப் பற்றி இங்கே எழுத வேண்டியதில்லை.

12 மே 2024, ஞாயிறு

ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்கு முடிந்தது. பதிவு 2023இல் ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டு 2028 வரை இருக்கிறது. ஆனால், புதுப்பித்த பிறகு விற்பவர் ஆசைப்பட்டு வண்டிக்கு ராணுவப் பச்சை அடித்திருந்தார். பதிவுப் புத்தகத்திலோ நிறம் வெள்ளை. அந்தப் பச்சையை ராணுவ வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் அடிக்கக் கூடாது என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி. அதைக் காட்டியே பதினைந்தாயிரம் குறைத்தேன். உரிமை மாற்றத்துக்கான 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வண்டியை லாரியில் ஏற்றி எங்கள் ஊரான மண்டபத்துக்குக் கொண்டுவந்தேன்.

19 மே 2024, ஞாயிறு

வெல்டர் அண்ணன் கையை விரித்துவிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்; விசைப்படகுகள் எல்லாம் கரையேறிப் பழுதுபார்ப்பில் நிற்கும்போது, ஒரு ஜிப்ஸிக்காக யார் வெல்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்? “போட்டெல்லாம் கடல்ல இறங்கட்டும் தம்பி, அப்புறம் பார்ப்போம்” என்றார். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதும் எனக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

எனவே, கையில் இருந்த மல்டிமீட்டரோடு ஸ்டார்ட்டர் கோளாறைப் பார்த்தேன். பேட்டரி புதியது, ஆனாலும் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒற்றை ஓசையோடு நின்றுவிடுகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் மறுமுனையை இன்ஜின் இரும்பிலும் வைத்து, மகனைச் சாவி திருப்பச் சொன்னேன். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் 2.1 வோல்ட் காட்டியது. அதாவது, ஸ்டார்ட்டருக்குப் போக வேண்டிய மின்சாரத்தில் ஆறில் ஒரு பங்கு எர்த் வயரின் முனையில் படிந்த துருவிலேயே தீர்ந்துபோகிறது. அந்த முனையை உப்புத்தாளால் தேய்த்து, புது வயர் போட்டு, மேலே வாசலின் தடவினேன். முதல் திருப்பிலேயே ஓடியது. புது ஸ்டார்ட்டர் போடச் சொன்ன மெக்கானிக்கிடம் இதைச் சொல்லவில்லை. பிறகு கார்புரேட்டர் கழுவ அவரிடம்தான் போக வேண்டும்.

23 ஜூன் 2024, ஞாயிறு

படகுகள் இறங்கி ஒரு வாரமாகிறது. அண்ணன் சொன்னபடி வந்தார். உளுத்த தகட்டை நல்ல இரும்பு வரும்வரை வெட்டச் சொன்னேன். ஓட்டை கையகலம்தான், வெட்டி முடித்தபோது முறத்தளவு ஆகிவிட்டது. 18 கேஜ் தகட்டை வளைத்து வைத்து, ஒரே இழுப்பாக ஒட்டினால் சூட்டில் நெளியும் என்பதால், புள்ளி புள்ளியாக இடம் மாற்றி ஒட்டினார். படகு வேலை பார்த்த கை என்பது அதில் தெரிந்தது. ஒட்டின் மேல் துத்தநாகப் பூச்சு, அதன்மேல் ரெட் ஆக்சைடு, கடைசியாகப் பதிவுப் புத்தகத்தில் உள்ள வெள்ளை.

அடிப்பாகம் முழுவதும் தார் போன்ற கறுப்புக் கலவையை அடித்துவிடலாம் என்று பலரும் சொன்னார்கள், நான் மறுத்துவிட்டேன். ஓர் இடத்தில் அந்தத் தோல் வெடித்தால், உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுமே தெரியாது. தொண்டி வண்டியின் அடியும் அப்படித்தான் கறுப்பாக, அழகாக இருந்தது.

7 ஜூலை 2024, ஞாயிறு

கூரைக்காகக் கீழக்கரையில் ஒரு காக்காவிடம் (அங்கே முஸ்லிம் அண்ணன்களை அப்படித்தான் அழைப்பார்கள்) போனேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு வரச் சொல்லியிருந்தார். வத்தை என்ற படகுகளுக்குப் பாய் தைத்தவர், இப்போது பெரும்பாலும் தார்ப்பாயும் பந்தலும்தான் தைக்கிறார். பழைய கூரையை விரித்துப் பார்த்தவர், துணியை விட்டுவிட்டுத் தையலைத்தான் தடவினார். ரெக்சின் இன்னும் சில ஆண்டு தாங்கும், அதைப் பிடித்திருந்த பருத்தி நூல்தான் செத்திருக்கிறது என்றார்; நூல் ஈரத்தைக் குடிக்கும், காய்ந்தால் உள்ளே உப்பு கற்கண்டுபோல் உறையும், துணி படபடக்கும்போதெல்லாம் அந்தக் கல்லே நூலை அறுக்கும். ஆகவே பாலியஸ்டர் நூல், மடித்து இரட்டைத் தையல், ஊசித் துளைகளின் மேல் மெழுகு. இரும்புக் கொக்கிகளுக்குப் பதில் பித்தளைப் பொத்தான். ஜிப் பிளாஸ்டிக் பல் கொண்டது.

நண்பகலில் அளவெடுக்க வேண்டாம் என்று தடுத்ததும் அவர்தான். வெயிலில் ரெக்சின் இளகி நீளும், அந்த அளவில் வெட்டினால் மார்கழிக் காலையில் பொத்தான் எட்டாது. இரவு அங்கேயே தங்கி, விடியற்காலையில் அளந்தோம். “காத்தப் புடிச்சா அது பாய், காத்த விட்டாத்தான் கூரை, உங்களுக்கு எது வேணும் தம்பி?” என்று கேட்டுவிட்டு, பின்பக்கக் கம்பியோடு இழுத்துக் கட்ட இரண்டு வார்களைக் கூடுதலாகத் தைத்தார். கூலி ஒன்பதாயிரம், பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

21 ஜூலை 2024, ஞாயிறு

சோளகக் காற்று பலமாக அடிக்கிறது. பாம்பன் சாலைப் பாலத்தில் போய்த் திரும்பினேன், கூரை படபடக்கவில்லை. மாலையில் பானெட்டைத் தடவினால் விரலில் கரித்தது. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போதுதான் கசியத் தொடங்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருப்பதால் அதற்கு வெகு முன்பே கசிந்துவிடுகிறது. சமையலறைக் கல்லுப்பு ஜாடியின் அடியில் எப்போதும் நீர் நிற்பது இதனால்தான். வண்டியின் மேல் படிந்த உப்பும் அப்படியே; மழையே பெய்யாவிட்டாலும் இரும்பு நனைந்தே இருக்கிறது.

கழுவினால் போதும், ஆனால் எதைக்கொண்டு கழுவுவது? எங்கள் தெருவின் போர் தண்ணீரே உவர்ப்பு. நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறோம். குடிக்க வாங்கிய தண்ணீரை வண்டிக்கு ஊற்றுவதைப் பார்த்து மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஓட்டில் விழும் மழை நீரைப் பிடிக்க 500 லிட்டர் தொட்டி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். மழை ஐப்பசியில்தான் வரும்.

11 ஆகஸ்ட் 2024, ஞாயிறு

போன ஞாயிறு ஆடி அமாவாசை, ராமேஸ்வரம் தீவுக்குள் வண்டி நுழைய இடமில்லை. எனவே இன்று போனோம். முகுந்தராயர் சத்திரத்தில் கூரையைக் கழற்றி, அதன் ஜன்னல் கண்ணாடித் தாள் மடிந்து வெளுக்காமலிருக்கப் பழைய வேட்டியோடு சேர்த்துச் சுருட்டி வைத்துவிட்டு, 2017இல் திறந்த 9.5 கிலோமீட்டர் சாலையில் அரிச்சல்முனை வரை ஓட்டினேன். இருபுறமும் கடல், தலைக்கு மேல் ஒன்றுமில்லை. மகள் கையைத் தூக்கிக்கொண்டே வந்தாள். நான் சாலையின் குறுக்கே பறந்த மணலையும், அது எங்கெல்லாம் புகும் என்பதையும் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீடு திரும்பியதும் ஆறு குடம் செலவாயிற்று: நான்கு அடிப்பாகத்துக்கு, இரண்டு மேலே. உள்ளே ஊற்றிய தண்ணீர் வடியவே இல்லை. மிதியடியைத் தூக்கிப் பார்த்தால், தரையின் வடிகால் துளைக்குரிய ரப்பர் மூடியைப் பெயின்ட் அடித்தவர் அப்படியே சேர்த்துப் பூசியிருக்கிறார். கத்தியால் சுற்றிக் கீறி எடுத்தேன். தண்ணீரோடு இரண்டு கைப்பிடி தனுஷ்கோடி மணலும் வாசலில் இறங்கியது.