டைனமோவில் கேட்ட மணிலா

2020 மே 5 இரவு 7:52 மணிக்கு, பிலிப்பைன்ஸில், மணிலாவை அடுத்த கெசோன் நகரத்தில் என் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி இருண்டது. உரிமம் முதல்நாள் காலாவதியாகியிருந்தமையால், ஏபிஎஸ்-சிபிஎன் நிலையம் ஒளிபரப்பை நிறுத்த வேண்டுமென்று தொலைத்தொடர்பு ஆணையம் கட்டளையிட்டிருந்தது. அங்கே கமெராக் கலைஞராக இருந்தவரும், நான் ‘குயா’ என்று, அதாவது அண்ணா என்று, அழைப்பவருமான அந்த வீட்டுக்காரர் வெறுந்திரையின் முன்னால் வெகுநேரம் நின்றார். கதவடியில் நின்ற எனக்கு எங்கள் வீட்டு விறாந்தை நினைவுக்கு வந்தது.

மின்சாரமும் இல்லை, பற்றரிக்கும் தடை என்றிருந்த தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோ தந்த மின்சாரத்தில் வெரித்தாஸ் என்ற கத்தோலிக்க வானொலியின் தமிழ்ச் செய்தியைக் கேட்போம். கை களைத்தால் மணிலாவிலிருந்து வரும் குரலும் தேய்ந்துவிடும். ஒருநாள் செய்தியின் நடுவே நான் கை சோர்ந்தபோது, ஒருபோதும் ஏசாத அம்மம்மா ஏசினார். கொழும்பையே காணாத வயதில் மணிலா எனக்கு அப்படித்தான் அறிமுகமாயிற்று.

சினிகாங் என்ற இந்நாட்டுச் சூப்பின் புளிப்பு இப்போது பழகிவிட்டது. ரசம் இல்லாமலும் சோறு இறங்குகிறது. இதுவும் என் ஊர்தான் என்று சொல்லிக்கொள்கிறேன். ஆனால் வெரித்தாஸ் இருக்கும் ஃபேர்வியூ பக்கம் போகும்போதெல்லாம் அந்த வானொலி நிலையத்தைக் கண் தேடுகிறது. அதன் சிற்றலை ஒலிபரப்பு 2018இன் நடுவில் ஓய்ந்து, எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டது.

குயாவுக்கு வெரித்தாஸ் என்றால், 1986 பெப்ரவரியில் சர்வாதிகாரி மார்க்கோஸுக்கு எதிராக மக்களை எட்சா சாலைக்கு அழைத்த மணிலாப் பேராயர் கர்தினால் சின்னின் குரல். 1972இல் இராணுவச் சட்டம் இதே தொலைக்காட்சி நிலையத்தை மூடியபோது அவருடைய தந்தை வேலையிழந்தார். 1986இல்தான் அது மீண்டும் திறந்தது. “அப்பா பதினான்கு வருடம் காத்திருந்தார், நான் எவ்வளவு காலம்?” என்று குயா கேட்டார். 2020 ஜூலையில் நாடாளுமன்றக் குழு 70க்கு 11 என்ற வாக்குகளால் புதிய உரிமத்தை மறுத்தது. ஆகஸ்ட் முடிவில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். ஒளிக்கு ஒருவர், ஒலிக்கு ஒருவர், படத்தொகுப்புக்கு ஒருவர் என்று சேர்ந்து செய்த தொழிலை, இப்போது திருமணங்களையும் இறுதித் திருப்பலிகளையும் நேரலையாக்கும் குயா தனியொருவராகச் செய்கிறார். கைத்தொழில் தெரிந்த இத்தனை பேரை ஒரு நாடு வீட்டுக்கு அனுப்பியதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

சென்ற ஆண்டு கீரிமலையில் அம்மம்மாவின் அந்தியேட்டி என்னும் ஈமக் கிரியைகள் நடந்தபோது, தம்பி கைப்பேசியில் நேரலையாகக் காட்டினான். கடற்காற்றின் இரைச்சலில் ஐயரின் குரல் கேட்கவேயில்லை. குயா தன் கருவியைக் கொண்டுவந்து இணைத்து, இரைச்சலைச் சிறிது சிறிதாகக் குறைத்தார். மந்திரம் தெளிந்து கேட்கும்வரை திருகிலிருந்து அவர் கையை எடுக்கவில்லை.