ஹாவெல் பார்த்த வேலைகள்

1989 டிசம்பர் 29 அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் ஜனாதிபதியாகத் தேர்வானபோது, நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவெல் அதுவரை எந்த அரசுப் பதவியிலும் இருந்தவர் அல்ல. ஆய்வக உதவியாளர், கட்டாய ராணுவ சேவையில் சப்பர் (பாலம், கண்ணிவெடி வேலைகள் பார்க்கும் சிப்பாய்), நாடக அரங்கில் மேடைத் தொழிலாளி, பியர் ஆலைக் கூலியாள், சிறைப் பட்டறையில் வெல்டர். அவர் பார்த்த வேலைகள் பெரும்பாலும் இப்படித்தான்.

1936இல் பிராக் நகரத்தின் வசதியான கட்டுமானக் குடும்பத்தில் பிறந்தார். கம்யூனிஸ்ட் ஆட்சியில் அந்தப் பிறப்பே குற்றமாகிவிட்டது. நேரடியாக மேற்படிப்புக்குப் போக முடியவில்லை. பகலில் ஆய்வகத்தில் வேலை, இரவுப் பள்ளியில் படிப்பு என்று 1954இல் பள்ளியை முடித்தார். 1960இல் பிராக்கின் 'பாலஸ்ட்ரேட்' அரங்கில் மேடை வேலைக்குச் சேர்ந்தவர், எட்டே ஆண்டுகளில் அங்கேயே நாடக ஆலோசகராகி, தன் நாடகங்களையும் மேடையேற்றிவிட்டார்.

1965இல் அங்கே அரங்கேறிய 'மெமோராண்டம்' அலுவலகத்தைப் பற்றியது. ஒரு நிறுவனத்தில் 'ப்டிடெபே' என்ற செயற்கை மொழி புகுத்தப்படுகிறது. ஒரு சொல்லை இன்னொரு சொல்லாகத் தவறிப் படித்துவிடக் கூடாது என்பதற்காக, ஒரே நீளமுள்ள சொற்களின் எழுத்துகளில் குறைந்தது 60 சதவீதம் வேறுபட வேண்டும். அதனால் சொற்கள் நீண்டுகொண்டே போகின்றன. 'வொம்பாட்' என்ற விலங்கின் பெயருக்கு 319 எழுத்துகள். இயக்குநருக்கு அந்த மொழியிலேயே ஒரு கடிதம் வருகிறது. அதை மொழிபெயர்க்க அனுமதி தேவை. அந்த அனுமதியோ, மொழிபெயர்ப்பைப் பார்க்காமல் கிடைக்காது. கோப்போடு மேசை மேசையாக அலைந்தவர்களுக்கு இதில் மிகை எதுவும் தெரியாது.

1968இல் சோவியத் தலைமையிலான படைகள் நாட்டுக்குள் நுழைந்த பிறகு அவருடைய நாடகங்களுக்குத் தடை. 1974இல் ட்ரூட்னோவ் ஊர் பியர் ஆலையில் பீப்பாய் உருட்டினார். வேலைக்குத் தன் மெர்சிடிஸ் காரில் வந்து இறங்குவார்! அதிலிருந்து பிறந்தது 'ஆடியன்ஸ்' என்ற ஓரங்க நாடகம். ஆலை மேலாளர் இந்த எழுத்தாளத் தொழிலாளியைப் பற்றிப் போலீசுக்கு அறிக்கை தர வேண்டும். எழுத விஷயமில்லாமல், எழுதவும் வராமல் திணறுகிறார். கடைசியில், "நீயே உன்னைப் பற்றி எழுதிக் கொடுத்துவிடு, கிடங்குக் கணக்கு வேலை வாங்கித் தருகிறேன்" என்கிற அளவுக்கு இறங்கி வருகிறார். அவர் கொடியவர் அல்ல, நடுவில் மாட்டிக்கொண்டவர். நாடகத்துக்கு உயிர் கொடுப்பதே அதுதான்.

மனித உரிமைகளை மதிக்கும்படி அரசைக் கேட்டு, அவரும் சேர்ந்து எழுதிய 'சாசனம் 77' அறிக்கை வெளியான பின் கண்காணிப்பு இறுகியது. 1979இல் நாலரை ஆண்டு சிறை. வாரம் ஒரு கடிதம், நான்கு பக்கம், குடும்ப விஷயம் மட்டும். அடித்தல் திருத்தல், மேற்கோள் குறி, அடிக்கோடு, அயல்மொழிச் சொல் எதுவும் கூடாது. ஒரு விதி தவறினாலும் முழுக் கடிதமும் போகாது. முன்வரைவு எழுதிப் பார்க்கவும் வழியில்லை. வாரம் முழுதும் மனதிலேயே கட்டி, ஒரே மூச்சில் எழுத வேண்டியிருந்தது. தணிக்கை அதிகாரிக்குப் புரிந்தால் ஆபத்து என்பதால் வாக்கியங்களைச் சுற்றி வளைத்தார். மனைவி ஓல்காவுக்குப் போன இந்தக் கடிதங்களில் 144 நூலாகின. இன்றைக்குப் படிப்பவர்களும் அங்கங்கே தடுக்கி விழுகிறார்கள் என்றால், அந்தத் தணிக்கைக் கெடுபிடிதான் காரணம்.

ஜனாதிபதியாகி பிராக் கோட்டை அலுவலகத்துக்கு வந்தபின் உரைகளைத் தானே எழுதினார். 1990 புத்தாண்டு உரையில், நாடு செழிக்கவில்லை என்று நேராகவே சொன்னார். கூடவே பெரிய பொதுமன்னிப்பு அறிவித்து, சுமார் 23,000 கைதிகளை விடுவித்தார். சிறையைக் கண்டவரின் முடிவு. குற்றம் பெருகும் என்று பயந்தவர்களின் கோபம் நெடுநாள் அடங்கவில்லை.

நாடு உடைவதைத் தடுக்க அவரால் முடியவில்லை. ஸ்லோவாக்கியா இறையாண்மை அறிவித்ததும் 1992 ஜூலையில் விலகினார். 1993இல் செக் குடியரசின் ஜனாதிபதியானார். ஆனால் புதிய அரசியல் சாசனத்தில் அந்தப் பதவியின் கை கொஞ்சம் குட்டைதான். அவர் ஒரு சட்டத்தைத் திருப்பி அனுப்பினால், கீழவையின் 200 உறுப்பினர்களில் 101 பேர் மறுபடி வாக்களித்து அதை நிறைவேற்றிவிடலாம். எதிராளியைப் பேச்சால் அசைத்துப் பழகியவருக்கு இந்த எண்ணிக்கை விளையாட்டு பிடிபடவேயில்லை என்றே தோன்றுகிறது.

2003இல் பதவி முடிந்தது. 2008இல் அவருடைய 'வெளியேறல்' நாடகம் மேடையேறியது: பதவி போன தலைவர் ஒருவர் அரசு மாளிகையைக் காலி செய்ய மனமில்லாமல் தவிக்கும் கதை. சொந்த அனுபவம் என்று எல்லோரும் சொன்னார்கள். அதை அவர் எழுதத் தொடங்கியது, கம்யூனிஸ்ட் ஆட்சியை வீழ்த்திய 1989 புரட்சிக்கு முன்பு.