மாமல்லபுரத்துக்குக் குடிவந்துவிட்டோம்

சென்னையை விட்டுப் பிள்ளைகளோடு மாமல்லபுரத்துக்கு வந்துவிட்டோம். "அங்கே பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?" என்று பலர் கேட்கிறீர்கள். அர்ச்சுனன் தபசு பாறைச் சிற்பம் இருக்கிறது, பள்ளிக்குப் போகிற வழியிலேயே! இந்த ஊர்ச் சின்னங்கள் 1984 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளவை. தெருவில் உளிச் சத்தம் ஓய்வதில்லை; சிற்பப் பட்டறை வாசலில் நின்றுவிட்டால் சின்னவளை நகர்த்த முடிவதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் என்று தெரிந்ததிலிருந்து பெரியவனுக்கு வேறு பேச்சே கிடையாது. வடநெம்மேலி முதலைப் பண்ணையும் பக்கம்தான்.

ஊருக்கு ரயில் கிடையாது. சென்னைக்குப் போக கிழக்குக் கடற்கரைச் சாலைதான். ஞாயிறு மாலையில் அதில் கிளம்பவே கூடாது. உப்புக் காற்றில் ஜன்னல் கம்பி, சைக்கிள் சங்கிலி எல்லாம் துருப்பிடிக்கின்றன. அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

கடல் விஷயம் அப்படியல்ல. பிள்ளைகளோடு வருகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள்: அலை அடங்கித் தெரிகிற இடத்தில்தான் பல நேரம் நீரோட்டம் உள்ளே இழுக்கும். கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீனவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

இந்தப் பக்கம் சிறுவர்களுக்கு நீச்சல் கற்றுத்தரும் நல்ல இடம் தெரிந்தால் எழுதுங்கள்.