கையொப்பத்துக்கு முன் மூன்று மாலைகள்

2023 ஜனவரியில், கனடாவுக்கு வந்த பதினோராம் நாள், ஸ்காபரோவிலுள்ள ஒரு வேலைவாய்ப்பு முகவர் நிலையத்தில் நான்கு பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்திட்டேன். அதில் ஒரு வரியையும் நான் வாசிக்கவில்லை. எனக்குப் பின்னால் வரிசை வாசல் வரை நீண்டிருந்தது. பேனையை நீட்டிய பெண் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பிடித்தபடியே நின்றார். எந்தப் பண்டகசாலைக்கும் எந்த நேரத்திலும் என்னை அனுப்பலாம், முன்னறிவிப்பின்றி நிறுத்தலாம் என்று அதில் எழுதியிருந்ததை, இரண்டு மாதம் இரவுவேலை செய்து, ஒரு திங்கட்கிழமை வேலை இல்லையென்று திருப்பி அனுப்பப்பட்ட பிறகே அறிந்தேன்.

மாமா வீட்டின் நிலக்கீழ் அறையில் நான் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருந்தார். பெயர் சொல்லி அழைக்கும்படி அவர் பலமுறை கேட்டும் எனக்கு வாய் வரவில்லை. என் ஊர் கரவெட்டியில் பழகியபடி ‘சேர்’ என்றே அழைத்தேன். கோடை மாலைகளில் முன்வாசலில் வானொலியை வைத்து ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் அணியின் ஆட்டங்களைக் கேட்பார். இரவுவேலைக்குப் போகுமுன் நானும் சிறிது நேரம் அவரோடு அமர்வேன். பேஸ்போல் எனக்கு அங்கேதான் அறிமுகமாயிற்று.

2024 ஜூலையில் ஒருநாள் ஆட்டமே இல்லாதபோதும் அவர் மிகுந்த ஆவலோடு செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விளையாடும் இளைஞர்களை, பேஸ்போலின் உயர்மட்டப் போட்டியான மேஜர் லீக்கின் அணிகள் முறைவைத்துத் தெரிவு செய்யும் ‘டிராஃப்ட்’ அப்போதுதான் முடிந்திருந்தது. மூன்று நாட்களில் இருபது சுற்றுகள். அமெரிக்காவிலும் கனடாவிலும் வசிக்கும் இளைஞர்களுக்கு இதுவே வாசல். ஓர் அணி ஒருவனைத் தெரிவு செய்துவிட்டால் அவனோடு பேரம் பேசும் உரிமை அந்த அணிக்கு மட்டுமே உண்டு. பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனால் கல்யாணம் முடிந்துவிட்டதாக ஊரார் பேசுவதுபோல, தெரிவோடு எல்லாம் முடிந்ததென்று நான் எண்ணினேன். சேர் தலையை அசைத்தார். “இப்போதுதான் தொடங்குகிறது. பையன் இன்னும் கையெழுத்திடவில்லை” என்றார்.

அந்த வாக்கியத்தை விளக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. முதல் பத்துச் சுற்றுகளில் ஒவ்வோர் இடத்துக்கும் லீக் ஒரு தொகையைக் குறித்திருக்கிறது. அந்த ஆண்டு முதலிடத்துக்கு அது ஒரு கோடியே ஐந்து இலட்சம் அமெரிக்க டொலருக்குச் சற்று மேல். ஓர் அணிக்குரிய இடங்களின் தொகைகளைக் கூட்டினால் வருவது, கையெழுத்திடுவோருக்கு அந்த அணி போனஸாகச் செலவழிக்கக்கூடிய மொத்தப் பணம். அதைச் சிறிது மீறினால் மீறிய தொகைக்கு நூற்றுக்கு 75 வீதம் வரி. ஐந்து வீதத்துக்கு மேல் மீறினால் வரியோடு அடுத்த ஆண்டின் முதற்சுற்றுத் தெரிவும் பறிபோகும். ஆனால் மொத்தத்துக்குள் எவனுக்கு எவ்வளவு என்பது அணியின் விருப்பம். அந்த ஆண்டு கிளீவ்லாந்து அணி முதலாவதாகத் தெரிவு செய்த ட்ராவிஸ் பஸானா, அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரிகன் மாநிலத்துக்குப் படிக்க வந்தவர். அவர் 89 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு ஒப்புக்கொண்டார். மிஞ்சிய 16 இலட்சத்தைக் கொண்டு, பல்கலைக்கழகத்துக்கே போய்விடுவதாகச் சொல்லும் பள்ளிப் பையன்களின் மனத்தை அணியால் மாற்ற முடியும். ஒருவன் கையெழுத்திடாவிட்டால் அவன் இடத்துக்குரிய தொகை முழுவதும் அணியின் கணக்கிலிருந்து அழிந்துவிடும். எனவே பதினெட்டு வயதுப் பையனின் ‘மாட்டேன்’ என்ற சொல்லுக்கு அங்கே எடை இருந்தது. என்னிடமும் அந்தச் சொல் இருந்திருக்கக்கூடும் என்பதே அதுவரை எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

அந்தச் சொல் பையனை எப்போதும் காப்பதில்லை என்பதையும் சேர் மறைக்கவில்லை. 2014இல் ஹூஸ்டன் அணி முதலாவதாகத் தெரிவு செய்த பிராடி எய்க்கன் என்ற பந்து வீச்சாளருக்கு 65 இலட்சம் டொலர் பேசப்பட்டது. மருத்துவப் பரிசோதனையில் முழங்கைத் தசைநார் குறித்து ஐயம் எழ, அணி தொகையைக் குறைத்தது, அவர் மறுத்தார். அவருக்குரிய பணம் கணக்கிலிருந்து போனதால், 15 இலட்சத்துக்கு வாய்ப்பேச்சு முடிந்திருந்த ஜேக்கப் நிக்ஸ் என்ற இன்னொரு பையனின் ஒப்பந்தமும் முறிந்தது. நிக்ஸ் பின்னர் வேறு அணியின் வழியாக மேஜர் லீக்குக்கு வந்து சேர்ந்தார், எய்க்கன் வரவேயில்லை. எய்க்கன் கையெழுத்திடாததற்கு இழப்பீடாகக் கிடைத்த அடுத்த ஆண்டின் இரண்டாவது தெரிவில் ஹூஸ்டன் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மனை. இரு பையன்கள் தத்தளித்த இடத்தில் அணி மட்டும் நட்டப்படவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஜூலை இறுதியில்தான் சேர் தன் கதையைச் சொன்னார். தொண்ணூறுகளில் ஓர் அமெரிக்க அணி அவரைக் கடைசிச் சுற்றுகளில் ஒன்றில் தெரிவு செய்திருந்தது. வீட்டுக்கு வந்த அணியின் முகவர் அன்றிரவே கையொப்பம் கேட்டார். சேரின் தாயார் போர்த்துக்கலின் அசோரஸ் தீவுகளிலிருந்து வந்தவர். இரவில் நகர மத்தியிலுள்ள அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர். போர்த்துக்கேய மொழி தவிர வேறெதையும் சரளமாக வாசிக்கத் தெரியாதவர். தாளை வீட்டில் விட்டுப் போகும்படி அவர் முகவரிடம் சொன்னார். மூன்று மாலைகள், வேலைக்குப் போகுமுன், அகராதியை வைத்து வரிவரியாக வாசித்துப் பென்சிலால் அடையாளமிட்டார். நான்காம் நாள் ஒன்றை மட்டும் கேட்டார்: விளையாட்டு முடிந்த பிறகு மகனுடைய எட்டுப் பருவப் படிப்புச் செலவை அணி ஏற்குமா? அப்படியொரு திட்டம் லீக்கில் ஏற்கெனவே இருந்தது. கேட்பவர்களின் ஒப்பந்தத்தில் அது சேர்க்கப்படும். சேர் இரண்டு பருவகாலம் கீழ்நிலை லீக்கில் விளையாடினார், தோளில் காயப்பட்டு விடுவிக்கப்பட்டார், விதித்திருந்த இரண்டு ஆண்டுக் கெடுவுக்குள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அந்தப் படிப்புத்தான் அவரை ஆசிரியராக்கியது.

பெட்டியிலிருந்து அந்தத் தாளின் பிரதியை எடுத்து வந்து காட்டினார். பென்சில் கோடுகள் மங்கியிருந்தன. ஓரிடத்தில் சொல்லுக்கு மேல் சிறிய எழுத்தில் போர்த்துக்கேயப் பொருள் எழுதியிருந்தது. அசோரஸிலிருந்து வந்த அந்த அம்மாவுக்குப் பதிலாக, கரவெட்டி வீட்டு விறாந்தையில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்காரும் என் அம்மாவையே நான் கண்டேன்.

2024இல் ஜேய்ஸ் இருபதாவதாகத் தெரிவு செய்த பந்து வீச்சாளர் ட்ரே யெசாவேஜ், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் 2025 ஐந்தாம் ஆட்டத்தில் பன்னிரண்டு பேரை ஸ்ட்ரைக் அவுட் முறையில் ஆட்டமிழக்கச் செய்ததைச் சேரோடு அமர்ந்து பார்த்தேன். அதே ஆண்டு இரண்டாம் சுற்றில் தெரிவாகிக் கையெழுத்திட்ட கால் ஸ்டீபன் அதற்குள் கிளீவ்லாந்துக்கு மாற்றிக் கொடுக்கப்பட்டிருந்தார். அப்படி மாற்றும் உரிமையும் கையெழுத்திட்ட அதே தாளில்தான் இருக்கிறது.

இடையில், 2024 ஒக்டோபரில், நான் இரவுவேலை செய்த பண்டகசாலையே என்னை நேரடியாகச் சேர்க்க முன்வந்து ஆறு பக்க ஒப்பந்தம் தந்தது. வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். மேற்பார்வையாளர் வியப்போடு பார்த்தாலும் மறுக்கவில்லை. மூன்று மாலைகள் பென்சிலோடு இருந்தேன். பாரந்தூக்கி ஓட்டும் பயிற்சிக்குரிய கட்டணத்தை யார் கட்டுவது என்று அதில் எங்கும் இல்லை. கேட்டேன். வெள்ளிக்கிழமை ஏழாவது பக்கம் ஒன்றைச் சேர்த்துத் தந்தார்கள்.