அன்னபேதி மையும் ஒரு துளித் தண்ணீரும்

நெதர்லாந்தில் ஒரு காகிதப் பாதுகாப்பு ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்துப் போகிறவர்களுக்கு முதலில் சவாலாக நிற்பது பூச்சியோ பூஞ்சையோ அல்ல, மை. நம் ஊரில் கரையானோடும் ஈரக்காற்றோடும் மல்லுக்கட்டிப் பழகிய கைக்கு இது புதுப் பாடம்.

பழவேற்காடு, நாகப்பட்டினம் என்று நம் கடற்கரையில் வணிகம் செய்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்கள் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன, எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் இருக்கின்றன. 2003இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறியவை. அந்தக் காலத்து ஐரோப்பியர் எழுதிய மை மாசிக்காய், அன்னபேதி என்னும் இரும்பு உப்பு, பிசின் மூன்றும் கலந்தது. அன்னபேதி அளவுக்கு மிஞ்சிவிட்டால், மாசிக்காயோடு சேராத இரும்பு காகிதத்திலேயே தங்கி அதை மெல்ல அரிக்கும். மையின் அமிலமும் கூடச் சேர்ந்துகொள்ளும். முதலில் புற ஊதா ஒளியில் மட்டும் எழுத்தைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். பிறகு தாளின் பின்பக்கம் பழுப்பேறும். அடுத்தது விரிசல், கடைசியில் எழுத்தே உதிர்ந்து ஓட்டை. இந்த வரிசையை வைத்துத்தான் தாள்களுக்கு 1 முதல் 4 வரை தரம் போடுகிறார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள், முதல் வாரமே கேட்பார்கள்.

கரையும் இரும்பு இருக்கிறதா என்று பார்க்க, பாத்தோபினாந்த்ரோலின் என்ற இரும்பு காட்டும் வேதிப்பொருள் தடவிய சோதனைத் தாள் உண்டு. நகக்கண் அளவு துண்டை அயனி நீக்கிய நீரில் நனைத்து, உறிஞ்சுதாளில் ஒற்றி எடுத்து, மையின் மேல் வைத்து அரை நிமிடம் அழுத்த வேண்டும். எடுத்து உலரவிட்டால், இரும்பு இருந்தால் பளிச்சென்று ரோஸ் நிறம். ஒற்றாமல் சொட்டச் சொட்ட வைத்தால், சோதிக்கப் போன இடத்திலேயே நீர்க்கறை விழுந்துவிடும்.

இங்கேதான் நம்மவர்கள் பழக்கதோஷத்தில் சறுக்குவார்கள். கோதுமை ஸ்டார்ச் பசையும் ஜப்பானியத் தாளும் கிழிசலுக்குச் சிறந்தவை, சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பசையில் இருக்கும் தண்ணீர், எழுத்தோடு நிற்கும் இரும்பைக் கரைத்துப் பக்கத்து நல்ல காகிதத்துக்குள் ஓட்டிவிடும். அன்றைக்கு எதுவும் தெரியாது. ஆண்டுகள் கழித்து, ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றிப் பழுப்பு படர்ந்திருக்கும்.

அதனால் அங்கே ஜெலட்டின் பூசி உலரவைத்த தாளைப் பயன்படுத்துகிறார்கள். சதுர மீட்டருக்கு 2 முதல் 5 கிராம் வரை எடையுள்ள, கையில் வைத்தால் இருப்பதே தெரியாத மெல்லிய ஜப்பானியத் தாள். 100 மில்லி நீருக்கு 3 கிராம் ஜெலட்டின். முதலில் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, பிறகு இளஞ்சூட்டில் கரைக்க வேண்டும். கொதிக்கவிட்டால் ஒட்டும் பிடிப்பு குறைந்துவிடும். கரைசலை பாலியெஸ்டர் ஃபிலிம் மேல் சீராகப் பரப்பி, தாளை அதன்மேல் சுருக்கமில்லாமல் இறக்கி உலர விடுவார்கள்.

ஒட்டும் நேரத்தில், ஈர ஸ்பாஞ்ச் துணிமேல் இரண்டடுக்கு வடிதாள் விரித்து, அந்தத் தாளைப் பூசிய பக்கம் கீழாகச் சில விநாடி வைத்து எடுத்தால் போதும், ஜெலட்டின் விழித்துக்கொள்ளும். உடனே கிழிசலில் வைத்து, மேலே நெய்யாத பாலியெஸ்டர் துணி, உறிஞ்சுதாள், எடை. தாமதித்தால் ஒட்டாது, அவசரப்பட்டு ஈரத்தைக் கூட்டினால் தாள் பளபளக்கும். பளபளத்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். அதற்கு முன்னால் கிழிசலின் ஓரத்தை உருப்பெருக்கியில் பாருங்கள்: எந்த உதடு மேலே, எது கீழே என்று. மாற்றிப் படுக்கவைத்தால் வரி விலகி நிற்கும்.

இதை அசல் தாளில் பழக விடமாட்டார்கள், விடவும் கூடாது. முன்பு சொன்ன இரும்புச் சோதனைத் தாளிலேயே இரும்பு மையால் கோடு போட்டு, அதன்மேல் ஒட்டுப் போட்டுப் பாருங்கள். கோட்டைச் சுற்றி ரோஸ் படர்ந்தால் உங்கள் கை ஈரம். படராத வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.

விண்ணப்பத்தோடு அனுப்பும் தொகுப்பிலும் இப்படிப்பட்ட பயிற்சித் தாள்களின் படங்களை, தோற்றவற்றையும் சேர்த்தே, ஏன் தோற்றது என்று ஒரு வரியோடு வையுங்கள். பளிச்சென்ற 'முன், பின்' படங்களைவிட அது உங்களைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. செல்லுலோஸ் அசிடேட்டும் அசிட்டோனும் வைத்து லேமினேஷன் செய்த அனுபவம் இருந்தால் மறைக்காதீர்கள். இந்திய ஆவணக் காப்பகங்களின் வரலாறு அது. இன்று ஏன் அதைச் செய்யமாட்டீர்கள் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

விசா, பதிவு வேலைகள் சுருக்கமாக: 90 நாளுக்கு மேல் தங்குவதானால் குறுகியகால ஷெங்கன் விசா போதாது. எம்.வி.வி. என்ற நீண்டகால நுழைவு விசாவும் குடியிருப்பு அனுமதியும் வேண்டும், அழைக்கும் நிறுவனத்தோடு சேர்ந்து பல மாதம் முன்பே தொடங்குங்கள். நான்கு மாதத்துக்கு மேல் என்றால் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். பல அறைகளை 'இந்த முகவரியில் பதியக் கூடாது' என்ற நிபந்தனையோடுதான் வாடகைக்கு விடுகிறார்கள், பணம் கட்டும் முன் அதைக் கேட்டுவிடுங்கள். பிறப்புச் சான்றிதழில், அதை வெளிநாட்டில் ஏற்கச் செய்யும் அப்போஸ்டில் முத்திரையை ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது.

கைக்குப் பழகிய இடுக்கி, தாள் மடிக்கும் எலும்பு மடிப்பான், ஸ்கால்பெல் கத்தி மூன்றையும் கொண்டுபோங்கள். ஸ்கால்பெல் மட்டும் செக்-இன் பெட்டியில்.